கலிஃபோர்னியா உயர்நிலைப் பள்ளிகளில் எத்னிக் ஸ்டடீஸ்: மாநிலப் பணம் வரவில்லை, இனி மாவட்டம் என்ன செய்யலாம்?

சாரதா_ஃப்ரீமாண்ட்

எத்னிக் ஸ்டடீஸ் என்பது அமெரிக்காவின் சிறுபான்மை இனங்களின் வரலாற்றையும் அனுபவத்தையும் சொல்லும் பாடம். இதைப் பற்றி இங்கே ஏற்கெனவே சில இழைகள் ஓடியிருக்கின்றன. எல்லாமே வேண்டும், வேண்டாம் என்ற சண்டையில் முடிந்தன. இந்த இழை அதற்கில்லை. ஒரு பள்ளி மாவட்டம் 9ஆம் வகுப்பில் எத்னிக் ஸ்டடீஸ் கொண்டுவருவது என்று முடிவெடுத்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். சட்டப்படி எது கட்டாயம், எது இல்லை? போர்டுக்கு, அதாவது மாவட்டப் பள்ளி நிர்வாகக் குழுவுக்கு, எந்த வரிசையில் கொண்டுபோக வேண்டும்? எத்தனை ஆசிரியர் தேவை? டைம்டேபிளில் எதை எடுத்துவிட்டு இதை வைப்பது? வழக்கமாக எங்கே சறுக்குகிறது? தெரிந்தவர்கள் விவரமாக எழுதுங்கள்.

நெடுஞ்செழியன்_சாக்

பாதிக் குழப்பம் சட்டத்தில்தான் இருக்கிறது, அதனால் அங்கிருந்து தொடங்குகிறேன்.

2016இல் வந்த ஏபி 2016 (ஏபி என்றால் மாநிலச் சட்டமன்றத்தில் வந்த மசோதா), மாநிலம் ஒரு மாதிரிப் பாடத்திட்டம் தயாரிக்க வேண்டும் என்றது. 2019இல் வந்த முதல் வரைவுக்கு எல்லாப் பக்கமிருந்தும் எதிர்ப்பு. யூத அமைப்புகள் பாரபட்சம் என்றன, விடுபட்ட சமூகங்கள் எங்கே எங்கள் பெயர் என்றன, பொதுவாசகர்கள் இந்த மொழியே புரியவில்லை என்றார்கள். பலமுறை திருத்தி 2021 மார்ச் 18 அன்று மாநிலக் கல்வி வாரியம் ஏற்றது. இடையில் 2020இல் பாடத்தைக் கட்டாயமாக்க வந்த ஏபி 331ஐ ஆளுநர் நியூசம் வீட்டோ செய்தார். 2021 அக்டோபரில் ஏபி 101இல் கையெழுத்திட்டார்.

ஏபி 101 சொல்வது: 2025-26 முதல் எல்லா உயர்நிலைப் பள்ளிகளும், சார்ட்டர் பள்ளிகள் (அரசுப் பணத்தில் தனி நிர்வாகத்தில் நடப்பவை) உட்பட, ஒரு செமஸ்டர் பாடமாவது வழங்க வேண்டும். 2029-30இல் பட்டம் பெறும் வகுப்பிலிருந்து டிப்ளமோவுக்கு, அதாவது பள்ளி முடித்த சான்றிதழுக்கு, அது கட்டாயம். ஆனால் சட்டமன்றம் பணம் ஒதுக்கினால் மட்டுமே இந்தக் கட்டாயம் அமலுக்கு வரும் என்று சட்டத்துக்குள்ளேயே ஒரு நிபந்தனை இருக்கிறது. ஆண்டுக்கு 27.6 கோடி டாலர் ஆகும் என்று நிதித்துறை கணக்கிட்டது. 2021 பட்ஜெட்டில் மாவட்டங்களுக்கு ஒரே ஒரு முறை 5 கோடி போனது. 2025 பட்ஜெட்டில் கட்டாயத்துக்கான பணம் ஒதுக்கப்படவில்லை.

ஆக, சட்டம் ரத்தாகவில்லை, தோற்கவும் இல்லை. பணம் வராததால் தூங்குகிறது. மாநிலம் கட்டாயப்படுத்தாவிட்டாலும் மாவட்டம் தானாகக் கட்டாயமாக்கிக்கொள்ளலாம். பிகோ ரிவேராவில் இருக்கும் எல் ராஞ்சோ மாவட்டம் 2014லேயே அதைச் செய்துவிட்டது. மாவட்டத்தின் சொந்த நிபந்தனையாக வைத்துவிட்டு மாநிலச் சட்டத்தைக் காரணம் காட்டக் கூடாது. போர்டு ஆவணங்களில் இந்த இரண்டையும் கலந்து எழுதியிருந்தால் முதலில் அதைத் திருத்துங்கள். பெற்றோர் கேள்வி கேட்கும்போது முதல் அடி அங்கேதான் விழும்.

டெக்ஸஸ்_பாண்டி

அங்கே பணம் இல்லாமல் நிற்கிறது. பக்கத்து அரிசோனாவில் சட்டம் போட்டே நிறுத்தினார்கள், நினைவிருக்கிறதா? 2010இல் எச்பி 2281 என்ற மாநிலச் சட்டம். டூசான் மாவட்டத்தின் மெக்சிகன் அமெரிக்கன் ஸ்டடீஸ் திட்டத்தைக் குறிவைத்து வந்தது. நிறுத்தாவிட்டால் மாநில நிதியில் 10 சதவீதம் பிடித்தம் என்றதும் 2012 ஜனவரியில் போர்டு மூடிவிட்டது. 2017இல் நீதிபதி தஷீமா அந்த நடவடிக்கை இனப் பகையால் எடுக்கப்பட்டது, அரசியலமைப்புக்கு எதிரானது என்று தீர்ப்பளித்தார். ஐந்து வருடம் கழித்து வந்த தீர்ப்பால் அந்த மாணவர்களுக்கு என்ன பயன்? எங்கள் டெக்ஸஸில் 2018இல் மெக்சிகன் அமெரிக்கன் ஸ்டடீஸும், 2020இல் ஆப்பிரிக்கன் அமெரிக்கன் ஸ்டடீஸும் விருப்பப் பாடமாக மாநில ஒப்புதல் பெற்றன. விருப்பப் பாடம் என்பதால் சத்தமே இல்லை. கட்டாயம் என்ற சொல் வந்தால்தான் தகராறு.

ஷெட்யூல்_சுந்தரி

சாரதா மேடம் கேட்ட டைம்டேபிள் கணக்கு. 9ஆம் வகுப்பில் 600 பேர் படிக்கும் பள்ளி, செக்‌ஷனுக்கு 30 பேர் என்றால் 20 செக்‌ஷன். ஒரு செமஸ்டர் பாடம் என்பதால் ஃபாலில் 10, ஸ்பிரிங்கில் 10. ஆசிரியர் ஒருவருக்கு நாளைக்கு 5 பீரியட். ஆக முழுநேர ஆசிரியர் இரண்டு பேர் போதும்.

மீதி அரை வருடம் அந்த பீரியடில் பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்று யாரும் கேட்பதில்லை. ஒரு செமஸ்டர் பாடம் தனியாக நிற்காது. இன்னொரு செமஸ்டர் பாடம் ஜோடி சேர வேண்டும். ஹெல்த், புவியியல், ஏதோ ஒன்று. அதற்கும் 20 செக்‌ஷன், இன்னும் இரண்டு ஆசிரியர். மொத்தம் நாலு. பள்ளியில் ஏற்கெனவே 9ஆம் வகுப்புக்கு ஒரு முழு வருட சமூக அறிவியல் பாடம் இருந்தால், அதை எடுத்துவிட்டு இந்த ஜோடியை வைக்கலாம். அதே நாலு ஆசிரியர், கூடுதல் சம்பளச் செலவு கிட்டத்தட்ட இல்லை. 9ஆம் வகுப்பில் சமூக அறிவியலே இல்லாத பள்ளிக்கு நாலு சம்பளமும் புதுச்செலவு. மாநிலப் பணம் இல்லாமல் ஒரு மாவட்டம் தொடர்வதும் பக்கத்து மாவட்டம் கைவிடுவதும் பல இடங்களில் கொள்கையால் அல்ல, இந்தக் கணக்கால்தான்.

அடுத்தது, இடம் எங்கே என்ற கேள்வி. 6 பீரியட் பள்ளியில் 9ஆம் வகுப்பு மாணவருக்கு ஆங்கிலம், கணக்கு, அறிவியல், பி.ஈ. (உடற்கல்வி), வேற்றுமொழி என்று ஐந்து போய்விடும். மிச்சம் ஒன்று. அதில்தான் பேண்ட், ஓவியம், ரோபாட்டிக்ஸ் எல்லாம். ஆங்கிலம் கற்கும் புதிய மாணவருக்கு ஈஎல்டி பீரியட் கட்டாயம், சிறப்புக் கல்வி மாணவருக்கு சப்போர்ட் பீரியட். இவர்களுக்கு அந்த ஒன்றும் கிடையாது, வேற்றுமொழியைத் தள்ளிப்போட வேண்டிவரும். வேற்றுமொழி தள்ளினால் யூசி, சிஎஸ்யூ என்ற மாநிலப் பல்கலைக்கழகங்களின் சேர்க்கைக்கு வேண்டிய இரண்டு வருட மொழி நெருக்கடி ஆகும். யாருக்காக இந்தப் பாடம் வந்ததோ அவர்கள்தான் இதில் முதலில் மாட்டுகிறார்கள். தீர்வு 7 பீரியட் நாள், அல்லது கோடைக்கால செக்‌ஷன், அல்லது 9ஆம் வகுப்பு ஆங்கிலத்தோடு இணைப்பது.

இதோடு ஏபி 2927 வேறு. பர்சனல் ஃபைனான்ஸ் ஒரு செமஸ்டர், 2027-28க்குள் எல்லாப் பள்ளியும் வழங்க வேண்டும், 2030-31 வகுப்புக்குக் கட்டாயம். ஜோடி சேர்க்க அது கைக்கு அருகில் இருக்கிறதே என்று பல பள்ளிகள் பார்க்கின்றன. ஆனால் 14 வயதுப் பிள்ளைக்கு வரியும் கடன் வட்டியும் சொல்லிக்கொடுத்தால் தலையில் ஏறாது, அதை 11, 12இல் வைப்பதே நல்லது. வேலைக்கு ஆகாத ஜோடி.

சாரதா_ஃப்ரீமாண்ட்

ஆங்கிலத்தோடு இணைப்பது என்றால்? ஆங்கில வகுப்பில் நாலு சிறுகதைகளை மாற்றிவிட்டு எத்னிக் ஸ்டடீஸ் நடத்தினோம் என்று கணக்குக் காட்டலாமா?

நெடுஞ்செழியன்_சாக்

முடியாது மேடம். இந்தப் பாடத்தை முடித்தால் அது எந்தத் துறையின் கீழ் நடக்கிறதோ அந்தக் கிரெடிட்டும் சேரும் என்று ஏபி 101 சொல்கிறது. ஆனால் எத்னிக் ஸ்டடீஸ் உள்ளடக்கம்தான் அந்தப் பாடத்தின் முதன்மையாக இருக்க வேண்டும். அங்கொன்று இங்கொன்று தூவினால் செல்லாது. மாநிலக் கட்டாயம் அமலில் இல்லாவிட்டாலும் மாவட்டத் தீர்மானத்தில் இதே வரியை எழுதிக்கொள்வது நல்லது, பிறகு பணம் வந்தால் திரும்பப் போட்டுக்கொண்டிருக்க வேண்டாம்.

ஏ-ஜி ஒப்புதலையும் மறக்காதீர்கள். யூசி, சிஎஸ்யூ சேர்க்கைக்கு ஏற்கப்படும் பாடப் பிரிவுகள் ஏ முதல் ஜி வரை. தனிப் பாடமாகப் போனால் பெரும்பாலும் ஜி (விருப்பப் பாடம்) பிரிவு, ஆங்கிலத்தோடு இணைந்தால் பி (ஆங்கிலம்) பிரிவு. யூசி போர்ட்டலில் புதுப்பாடம் சமர்ப்பிக்கும் காலம் பிப்ரவரி 1 முதல் செப்டம்பர் 15 வரை. போர்டு மே மாதம் ஒப்புதல் தந்து ஆகஸ்டில் வகுப்பு தொடங்கினால், யூசி திருப்பி அனுப்பினால் திருத்த நேரம் மிகக் குறைவு. முந்தைய வருடமே விதைத்துவிட வேண்டும்.

வக்கீல்_வாசன்

போர்டு நடைமுறையில்தான் அதிக விபத்து. பாடத்தின் உள்ளடக்கத்தை விட, அதைக் கொண்டுவந்த விதத்துக்குத்தான் வழக்கு வருகிறது.

உள்ளூரில் உருவாக்கிய பாடம் என்றால் ஏபி 101 சொல்லும் நடைமுறை: ஒரு பொதுக்கூட்டத்தில் முன்வைக்க வேண்டும், அதே கூட்டத்தில் ஒப்புதல் தரக் கூடாது, அடுத்த கூட்டத்தில்தான் வாக்கெடுப்பு. வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பு நிகழ்ச்சி நிரல் ஒட்டியிருக்க வேண்டும். நிரலில் "புதிய பாடங்கள்" என்று ஒரே வரியில் பத்துப் பாடங்களோடு ஒளித்து வைப்பது வழக்கம். அதைச் செய்யாதீர்கள். பாடத்தின் பெயரைத் தனி வரியாக எழுதி முழு வரைவையும் இணைப்பாகப் போடுங்கள்.

இரண்டாவது, குழு. போர்டு தீர்மானம் போட்டு அமைத்த ஆலோசனைக் குழு, உள்ளாட்சிக் கூட்டங்கள் பொதுவில் நடக்க வேண்டும் என்கிற பிரவுன் சட்டத்தின் கீழ் வரும். அதன் கூட்டங்களுக்கும் அறிவிப்பு, பொதுமக்கள் கருத்து நேரம் எல்லாம் வேண்டும். சாண்டா அனா மாவட்டம் இங்கேதான் மாட்டியது. வழித்திட்டக் குழு பொது அறிவிப்பில்லாமல் கூடியது, உள்ளடக்கத்தில் யூத வெறுப்பு என்ற குற்றச்சாட்டும் சேர்ந்துகொண்டது. 2025 பிப்ரவரியில் சமரசம். எதிர்ப்புக்கு ஆளான பாடங்களை நிறுத்தி, பொதுமக்கள் பங்கேற்போடு மறுபடி எழுத ஒப்புக்கொண்டார்கள்.

மூன்றாவது, பாடத்திட்டம் எழுத வெளியாரோடு போடும் ஒப்பந்தம். பொருட்களின் உரிமை யாருக்கு, பெற்றோர் கேட்டால் காட்ட முடியுமா என்று எழுத்தில் இருக்க வேண்டும். "வணிக ரகசியம்" என்று சொல்லி மறைக்கும் ஆலோசகரை வைத்தால் பொதுப் பதிவுச் சட்ட வழக்கு உறுதி. மாநிலம் பாரபட்சம் என்று நீக்கிய முதல் வரைவுப் பகுதிகளைப் பயன்படுத்தக் கூடாது என்பது சட்டமன்றத்தின் நோக்கம் என்றும் ஏபி 101இல் வெளிப்படையாக இருக்கிறது. ஆலோசகரின் கையேடு அந்த நீக்கிய பகுதியிலிருந்து வந்ததா என்று வரிக்கு வரி ஒப்பிட்டுப் பாருங்கள்.

நான்காவது வகுப்பறைக்குள். கல்விச் சட்டம் 51513: மாணவர் அல்லது குடும்பத்தின் மதம், ஒழுக்கம், பாலியல், குடும்ப வாழ்க்கை பற்றிய நம்பிக்கைகளைக் கேட்கும் வினாத்தாளுக்குப் பெற்றோரின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். இந்தப் பாடத்தின் முதல் வாரத்தில் "அடையாள வட்டம்" வரையச் சொல்வது எல்லா இடத்திலும் நடக்கிறது. மதம், பாலின ஈர்ப்பு, குடியேற்ற நிலை என்று கட்டம் போட்டுக் கொடுத்தால் வம்பை விலைக்கு வாங்குகிறீர்கள். 2026 ஜனவரியிலிருந்து ஏபி 715ம் நடைமுறையில் இருக்கிறது. ஆசிரியர் சொல்வது உண்மைத் தகவலாக இருக்க வேண்டும், பிரச்சாரமாக இருக்கக் கூடாது.

மாலதி_டீச்சர்

வாசன் சார் சொன்ன அடையாள வட்டத்துக்கு மாற்று இருக்கு. மாணவரோட அடையாளத்தைக் கேக்காதீங்க, ஒரு வரலாற்று மனிதரோட அடையாளத்தை வரையச் சொல்லுங்க. சட்டச் சிக்கலும் இல்ல, பாடமும் நடக்கும். அறையில வரிசையா நிக்கவச்சு "வசதி இருந்தா ஒரு அடி முன்னால வா"ன்னு சொல்ற விளையாட்டு வேண்டவே வேண்டாம். பின்னால நிக்கிற பிள்ளைய எல்லாரும் திரும்பிப் பாக்குறதைத் தவிர அதுல ஒண்ணும் கத்துக்க இல்ல.

நேரக் கணக்கு: 18 வாரம், 90 பீரியட்னு தாளில் இருக்கும். தேர்வு, அசெம்ப்ளி, மினிமம் டே (சீக்கிரம் விடுற நாள்) எல்லாம் போக 80க்குத் திட்டமிடுங்க. அறிமுகம் 8. ஆப்பிரிக்க அமெரிக்கர், சிகானோ (மெக்சிகன் அமெரிக்கர்)-லத்தீனோ, பூர்வகுடிகள், ஆசிய-பசிபிக் அமெரிக்கர் என்ற நாலு பகுதிக்குத் தலா 14. உள்ளூர் ஆய்வுத் திட்டம் 12. மிச்சம் 4 இழுபறிக்கு. நாலும் சம அளவுன்னு வச்சாலும் உண்மையில முதல் பகுதி நீண்டு கடைசிப் பகுதி மூணு நாளாச் சுருங்கிடும். ஆசிய அமெரிக்கர் பகுதி கடைசின்னா அதுதான் பலி. இதைத் தவிர்க்கப் பகுதிகளைக் கோர்த்து எடுங்க. உதாரணத்துக்கு டெலானோ திராட்சை வேலைநிறுத்தம். 1965 செப்டம்பர் 8 அன்று தொடங்கினவங்க லாரி இட்லியாங் தலைமையில இருந்த பிலிப்பினோ தொழிலாளிங்க. எட்டு நாள் கழிச்சு மெக்சிகன் அமெரிக்கரான சேசர் சாவேஸோட சங்கம் சேர்ந்தது. ஒரே பாடத்துல ரெண்டு பகுதி. மெண்டெஸ் எதிர் வெஸ்ட்மின்ஸ்டர் வழக்கும் அப்படித்தான், 1947 தீர்ப்பு, ஆரஞ்சு கவுண்டி மெக்சிகன் பிள்ளைங்களுக்குத் தனிப்பள்ளி கூடாதுன்னது. கலிஃபோர்னியா மண்ணுலயே நடந்தது, பிள்ளைங்களுக்கு ஒட்டும்.

ரகு_புள்ளியியல்

"இந்தப் பாடம் படித்தால் மதிப்பெண் ஏறும்" என்று போர்டு கூட்டத்தில் எல்லாரும் காட்டும் ஆய்வு சான்ஃபிரான்சிஸ்கோவுடையது. டீயும் பென்னரும் 2017இல் வெளியிட்டது. வருகை 21 சதவீதப் புள்ளி, ஜிபிஏ (4 புள்ளி அளவில் சராசரி மதிப்பெண்) 1.4, ஈட்டிய கிரெடிட் 23 என்று ஏற்றம். எண்களைப் பார்த்தால் யாருக்கும் வாய் பிளக்கும். ஆனால் அது எதை அளந்தது என்று பாருங்கள். 8ஆம் வகுப்பு ஜிபிஏ 2.0க்குக் கீழே இருந்த மாணவர்களை இந்த வகுப்பில் சேர்த்தார்கள். அந்தக் கோட்டுக்குச் சற்றுக் கீழே, சற்று மேலே இருந்தவர்களை ஒப்பிட்டார்கள். ஆக விடை அந்தக் கோட்டை ஒட்டியிருக்கும் பிள்ளைகளைப் பற்றியது. 3.8 ஜிபிஏ பிள்ளைக்கு அது ஒன்றும் சொல்லவில்லை.

மேலும் அது முழு வருடப் பாடம், சில பள்ளிகளில் முன்னோட்டம், பயிற்சி பெற்ற ஆசிரியர்கள், சான்ஃபிரான்சிஸ்கோ ஸ்டேட் பேராசிரியர்களின் துணை. அதே பலனை, வேறு வேலை இல்லாததால் இந்த செக்‌ஷன் கொடுக்கப்பட்ட ஆசிரியர் எடுக்கும் அரை வருடப் பாடத்தில் எதிர்பார்க்க முடியாது. விரிவாக்கும்போது எச்சரிக்கை வேண்டும் என்று ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள். அந்த வரியை யாரும் ஸ்லைடில் போடுவதில்லை.

மாலதி_டீச்சர்

ரகு சார், ஒத்துக்கிறேன். ஆனா அந்த ஆய்வுல இருந்து எடுத்துக்க ஒண்ணு இருக்கு: பயிற்சி. இந்தப் பாடத்துக்குத் தனி கிரெடென்ஷியல் (ஆசிரியர் உரிமம்) கிடையாது, சமூக அறிவியல் கிரெடென்ஷியல் போதும். அதனாலேயே ஆகஸ்ட் முதல் வாரம் ரெண்டு நாள் ஒர்க்‌ஷாப் வச்சு அனுப்பிடுறாங்க. குறைஞ்சது முந்தைய ஸ்பிரிங்ல இருந்து ஆசிரியர்களுக்கு ஒரு பொதுவான தயாரிப்பு பீரியட் குடுங்க. தனித்தனியா இணையத்துல தேடி ஸ்லைடு செய்றப்பதான் சரிபாக்காத சமாச்சாரம் வகுப்புக்குள்ள வருது.

நம்ம பிள்ளைங்க நெறைய இருக்கிற பள்ளிக்கு எப்படிப் பாடம் எடுக்கலாம்னு ஒரு மாதிரி. அமெரிக்கக் குடியுரிமை கேட்ட இந்தியர் பகத் சிங் திண்டோட வழக்கு, 3 பீரியட். முதல் நாள் ஒசாவா தீர்ப்பு, 1922 நவம்பர். ஜப்பானியரான ஒசாவாவுக்குக் குடியுரிமை கிடையாது, சட்டத்துல "வெள்ளையர்"னா காகேசியர்னு நீதிபதி சதர்லாண்ட் எழுதினார். ரெண்டாம் நாள் திண்ட் தீர்ப்பு, 1923 பிப்ரவரி. மூணே மாசம், அதே நீதிபதி. திண்ட் காகேசியர்னு மானுடவியலாளரே சொன்னாலும், சாதாரண மனுஷன் புரிஞ்சுக்கிற அர்த்தத்துல அவர் வெள்ளையர் இல்லைன்னார். ரெண்டு தீர்ப்புல இருந்தும் ரெண்டு ரெண்டு பத்தி மட்டும், பக்கத்துல பக்கத்துல அச்சடிச்சுக் குடுங்க. முரண் எங்கேன்னு பிள்ளைங்களே அடிக்கோடு போடட்டும். நீங்க முதல்லயே சொல்லிட்டா பாடம் செத்துச்சு.

மூணாம் நாள்தான் கஷ்டமான நாள். கோர்ட்டுக்குப் போன கேள்வியிலேயே "உயர்சாதி இந்து"ன்னு இருக்கு. திண்ட் சீக்கியர். அமெரிக்காவுல அன்னைக்கு இந்தியர் எல்லாருக்கும் அதே பேர். தன் சாதியை வச்சு வெள்ளையரோட சேர்த்துக்கச் சொல்லி வாதாடினது அந்தப் பக்கம். இந்தியப் பெற்றோர் புகார் வர்றதும் இங்கேதான், "எங்க பிள்ளைய சாதி பத்திக் கேக்கிறீங்களா"ன்னு. பிள்ளையக் கேக்காதீங்க. ஆவணத்தைக் கேளுங்க. மனுவுல என்ன எழுதியிருக்கு, கோர்ட் அதை ஏன் ஏத்துக்கல, அவ்வளவுதான். அதுக்கப்புறம் சான்ஃபிரான்சிஸ்கோ வியாபாரி வைஷ்ணோ தாஸ் பகாய் குடியுரிமை பறிபோய் 1928ல உயிரை விட்டதையும், 1946ல லூஸ்-செல்லர் சட்டத்துல இந்தியருக்குக் குடியுரிமைக் கதவு கொஞ்சம் திறந்ததையும், 1965 குடியேற்றச் சட்டத்தையும் சொன்னா, பெர்க்லிக்கு 1958லயே இந்தியாவுல இருந்து வந்த ஷியாமளா கோபாலன் (கமலா ஹாரிஸோட அம்மா) எவ்வளவு சின்னக் கூட்டத்துல ஒருத்தர்னு பிள்ளைங்களுக்குத் தானா விளங்கும்.

டெக்ஸஸ்_பாண்டி

புத்தகம் எது? மாநிலம் பட்டியல் தருமா?

நெடுஞ்செழியன்_சாக்

தராது. மாநிலப் பாடநூல் பட்டியல் 8ஆம் வகுப்போடு முடிந்துவிடும். 9 முதல் 12 வரை மாவட்ட போர்டே தேர்ந்தெடுக்க வேண்டும். மாநிலத்தின் மாதிரிப் பாடத்திட்டம் புத்தகம் அல்ல. சில நூறு பக்க வழிகாட்டி, அதோடு மாதிரிப் பாடங்கள். நாலு முதன்மைப் பிரிவுகளோடு சீக்கியர், யூதர், அரபு, ஆர்மீனிய அமெரிக்கர் பற்றிய கூடுதல் பாடங்களும் உண்டு. சான்ஃபிரான்சிஸ்கோ மாவட்டமே தானாக எழுதிய பாடத்திட்டத்தை விட்டுவிட்டு 2025-26க்கு ஒரு பதிப்பகத்தின் பாடநூலுக்கு மாறியது. சரிபார்த்த புத்தகம் ஒன்று கையில் இருந்தால் புகார் வந்தால் காட்ட ஒரு பக்கம் இருக்கும். ஆனால் உள்ளூர் வரலாறு எந்தப் புத்தகத்திலும் இருக்காது. ஃப்ரீமாண்டில் மிஷன் சான் ஹோசே என்ற ஸ்பானியர் காலத் தேவாலயமும் ஓலோனி பூர்வகுடி மக்களும் இருக்கும் இடத்தில், டெக்ஸஸுக்கும் சேர்த்து அச்சடித்த புத்தகம் எவ்வளவு சொல்லும்? பாதி புத்தகம், பாதி உள்ளூர் ஆவணம் என்பதே என் கருத்து.

சாரதா_ஃப்ரீமாண்ட்

ஒரு கடைசிச் சந்தேகம். மாவட்டம் சொந்தமாகக் கட்டாயமாக்கினால், 11ஆம் வகுப்பில் வேறு மாநிலத்திலிருந்து வரும் பிள்ளையின் கதி?

ஷெட்யூல்_சுந்தரி

மாவட்ட நிபந்தனை என்றால் விலக்கும் மாவட்டம் கையில்தான். தீர்மானத்திலேயே விலக்கு விதியை எழுதுங்கள்: 11ஆம் வகுப்பு தொடங்கிய பின் வரும் மாணவருக்கு விலக்கு, அல்லது முந்தைய பள்ளியில் படித்த நிகரான பாடத்தை ஏற்பது. எழுதாமல் விட்டால் பள்ளியில் மாணவர்களுக்கு வழிகாட்டும் ஒவ்வொரு கவுன்சிலரும் ஒவ்வொரு மாதிரி முடிவெடுப்பார். சில மாணவர்களுக்குச் சட்டமே விலக்குத் தருகிறது: கல்விச் சட்டம் 51225.1. ஃபோஸ்டர் இல்லப் பிள்ளைகள், வீடற்றோர், ராணுவக் குடும்பத்தார், புலம்பெயர் விவசாயத் தொழிலாளரின் பிள்ளைகள் போன்றோர் இரண்டாம் வருடம் முடிந்தபின் மாறி வந்தால், மாநிலக் குறைந்தபட்சத்துக்கு மேல் மாவட்டம் வைத்த நிபந்தனைகளிலிருந்து விலக்குக் கோரலாம். பள்ளி 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். இன்னொன்று, 9இல் ஃபெயிலானவர்களுக்குக் கோடையில் இரண்டு செக்‌ஷனாவது முன்கூட்டியே ஒதுக்குங்கள். பட்டமளிப்புக்கு மூன்று மாதம் இருக்கும்போது 12ஆம் வகுப்புப் பிள்ளையைக் கொண்டுபோய் 9ஆம் வகுப்பு செக்‌ஷனில் உட்கார வைக்கும் நிலை வராமல் இருக்கும்.